பாடசாலைச் சூழலும் பிள்ளையின் பாடவேளையும்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு முறையும் நமது மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரே விதமான பேச்சுத்தான் எழுகிறது. இந்தப் பாடசாலை முன்னேறிவிட்டது, அந்தப் பாடசாலை விழுந்துவிட்டது, கணிதத்தில் சித்தி குறைந்துவிட்டது என்கிறோம். பிள்ளைகள் படிப்பதில்லை, கைபேசியே கதியென்று கிடக்கிறார்கள் என்று குறைப்படுகிறோம். அந்தப் பிள்ளை பதினொரு வருடங்கள் உட்கார்ந்திருந்த இடம் எப்படிப்பட்டது, அங்கே ஆசிரியரின் குரல் அதற்குக் கேட்டதா, கரும்பலகை தெரிந்ததா, விளங்காததைக் கேட்கத் துணிவு வந்ததா என்ற விசாரணை அந்தப் பேச்சில் இடம்பெறுவதில்லை.

பாடசாலைச் சூழல் என்றதும் வாசலில் பூமரங்களும் சுவரில் புது வர்ணமும்தான் பலருக்கு நினைவில் வருகின்றன. அவையும் வேண்டியவைதான். ஆனால், காலை 7.30 மணி தொடக்கம் பிற்பகல் 1.30 மணி வரை பிள்ளை பாடசாலையில் இருக்கும் ஆறு மணித்தியாலங்களில் எவ்வளவு நேரம் உண்மையாகவே கற்றலாக மாறுகிறது என்பதைத் தீர்மானிக்கும் எல்லாவற்றையும் சேர்த்தே நான் சூழல் என்கிறேன். அடைவு மட்டம் பற்றிய எந்தப் பேச்சும் இந்த நேரக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது ஆசிரியப் பணியில் பல ஆண்டுகளைக் கழித்த எனது உறுதியான கருத்து.

முதலில் காதுக்குக் கேட்பதை எடுத்துக்கொள்வோம். நமது கிராமப் பாடசாலைகள் பலவற்றில் ஒரு நீண்ட மண்டபம், இரு பக்கமும் அரைச்சுவர், மேலே தகரம் அல்லது சீற், உள்ளே மூன்று நான்கு வகுப்புகள், இடையில் ஒரு தட்டியோ அலுமாரியோ மறைப்பாக நிற்கும். ஒரு வகுப்பில் வாய்ப்பாடு சொல்லும்போது அடுத்த வகுப்பில் செய்யுள் படிக்கிறார்கள். மாரி தொடங்கிவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகிறது. தகரத்தில் மழை கொட்டும்போது ஆசிரியர் சற்று நேரம் கத்திப் பார்க்கிறார். பின்னர் தொண்டை தாங்காமல் வெண்கட்டியை எடுத்துப் பலகையில் எழுதத் தொடங்குகிறார். பிள்ளைகள் பார்த்து எழுதுகிறார்கள். சாரல் அடிக்கும் பக்கத்துப் பிள்ளைகள் மேசை கதிரைகளை நடுவுக்கு இழுக்கிறார்கள். அந்த நாற்பது நிமிடங்கள் முடிந்து மணி அடிக்கும்போது கொப்பியில் இரண்டு பக்கம் நிரம்பியிருக்கும், கற்பித்தல் நடந்திருக்காது. கார்த்திகையிலும் மார்கழியிலும் இத்தகைய பாடவேளைகள் எத்தனை என்பதை எந்தத் திட்டமிடற் குறிப்பும் பதிவுசெய்வதில்லை.

சத்தம் பெறுபேற்றைத் தொடுமா என்று கேட்பவர்களுக்கு நியூயோர்க் நகரின் ஒரு பாடசாலையை எடுத்துக்காட்டலாம். உயரப்பாலத்தில் செல்லும் ரயில் பாதைக்கு அருகே அமைந்திருந்த அந்தப் பாடசாலையில், ரயில் ஓடும் பக்கத்து வகுப்பறைகளில் இருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், மறுபக்கத்து அமைதியான அறைகளில் இருந்த பிள்ளைகளைவிட வாசிப்பில் ஏறத்தாழ ஓராண்டு பின்தங்கியிருந்ததை 1975இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கட்டடமும் ஒன்று, பாடத்திட்டமும் ஒன்று. பிற்பாடு தண்டவாளத்தின் அடியில் இறப்பர் மெத்தை வைத்து, வகுப்பறைக் கூரைகளில் ஒலியை உறிஞ்சும் பலகைகளையும் பொருத்தியபோது அந்த வேறுபாடு மறைந்துபோனது. பிள்ளைகளை மாற்றவில்லை, சத்தத்தைத்தான் குறைத்தார்கள்.

அடுத்தது வெப்பம். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று வீசும் நாட்களில் பகல் பதினொரு மணிக்குப் பிறகு தகரக் கூரையின் கீழ் இருப்பது எவ்வளவு கடினம் என்பதை இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஏறத்தாழ ஒரு கோடி மாணவரின் தேர்வுப் பெறுபேறுகளைக் கொண்டு செய்யப்பட்டு 2020இல் வெளியான ஆய்வொன்று, வெப்பம் கூடிய கல்வியாண்டுகளில் கற்றல் குறைவதையும், குளிரூட்டி உள்ள பாடசாலைகளில் அந்தப் பாதிப்பு ஏறக்குறைய இல்லாமற்போவதையும் கண்டது. குளிரூட்டி நமக்கு எட்டாக் கனி. ஆயினும், மேற்கு வெயில் விழும் பக்கத்தில் வேம்பும் மருதும் நட்டு வளர்ப்பதும், கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் காலைப் பாடவேளைகளில் வைத்து, சித்திரம் போன்ற பாடங்களைக் கடைசிப் பாடவேளைகளுக்குத் தள்ளுவதும் நம்மால் முடியாதவையா? நேரசூசி தயாரிக்கும்போது ஆசிரியரின் வசதி கவனிக்கப்படும் அளவுக்கு வெயில் கவனிக்கப்படுவதில்லை என்பதே எனது வருத்தம்.

குடிநீரும் மலசலகூடமும் பற்றிச் சுருக்கமாகச் சொன்னாலே போதும். தண்ணீர் இல்லாத, கதவு பூட்டாத மலசலகூடம் உள்ள பாடசாலைக்கு, மாதவிடாய் நாட்களில் வளர்ந்த பெண்பிள்ளைகள் வருவதில்லை. மாதத்தில் இரண்டு மூன்று நாட்கள் அப்படிப் போனால், ஆண்டு முடிவில் அந்தப் பிள்ளை இழந்த பாடங்கள் எத்தனை என்பதைப் பெற்றோரே கணக்கிடலாம். வரவு இடாப்பில் அது வெறும் சுகவீனமாகப் பதியப்படுகிறது.

இனி, ஆசிரியர் வந்துசேரும் பாதையும் சூழலின் ஒரு பகுதிதான் என்பதைச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் வசித்துக்கொண்டு, மேற்கே படுவான்கரையில் கற்பிக்கும் ஆசிரியர்கள் நம்மிடையே ஏராளம். மண்முனைத் துறையில் வாவியைக் கடக்கப் ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகுக்காகக் காத்து நின்ற காலத்தில் முதலாம் பாடவேளை எப்படிக் கரைந்தது என்பது அங்கு பணியாற்றியவர்களுக்குத் தெரியும். 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபோது அதனைப் போக்குவரத்து வசதி என்றே எல்லோரும் வரவேற்றோம். கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது கல்வி வசதியுங்கூட. ஆனால், வாவியைக் கடந்த பின்னரும் உட்கிராமங்களுக்குப் பஸ் இல்லை. யானை நடமாடும் பாதைகளில் அதிகாலையில் பிள்ளையும் வர அஞ்சுகிறது, ஆசிரியரும் வர அஞ்சுகிறார். இதனால் கஷ்டப் பிரதேசத்துக்கு நியமனம் பெற்றவர் முதல் நாளிலிருந்தே இடமாற்றத்துக்கு விண்ணப்பம் எழுதுகிறார். அவரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. தங்குமிடம் ஒன்று சரியாக அமைந்திருந்தால் அவர்களில் பலர் நிலைத்திருப்பார்கள்.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. பிள்ளையின் பெறுபேற்றைத் தீர்மானிப்பது வீடுதானே, பாடசாலை என்ன செய்யும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 1966இல் அமெரிக்காவில் கோல்மன் தலைமையிலான குழு ஆறு இலட்சத்துக்கும் அதிகமான மாணவரை ஆராய்ந்து, பாடசாலைகளுக்கிடையிலான வேறுபாட்டைவிடக் குடும்பப் பின்னணியே அடைவில் கூடுதலாகப் பிரதிபலிக்கிறது என்று கூறியது. அதனை மறுக்க முடியாது. ஆனால், 1979இல் மைக்கேல் ரட்டரும் அவருடைய குழுவினரும் இலண்டன் நகரின் 12 இடைநிலைப் பாடசாலைகளை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ ஒரே விதமான பின்னணியுள்ள பிள்ளைகளே பாடசாலைக்குப் பாடசாலை வேறுபட்ட பெறுபேறு பெறுவதைக் கண்டார்கள். அந்த வேறுபாட்டுக்குக் கட்டடத்தின் வயதோ இடவசதியோ காரணமாகத் தெரியவில்லை. பாடம் நேரத்துக்குத் தொடங்குதல், வீட்டுவேலை கொடுத்துத் திருத்துதல், நன்றாகச் செய்ததைப் பாராட்டுதல், பிள்ளைகளிடம் பொறுப்புகளை ஒப்படைத்தல் ஆகியவையே முன்னேறிய பாடசாலைகளில் தெரிந்தன.

நமது மாவட்டத்துக்கு இது பெரிதும் பொருந்துகிறது. இன்றைய பிள்ளைகளின் பெற்றோர் பலர் யுத்தத்தாலும் இடப்பெயர்வாலும் படிப்பை இடையில் விட்டவர்கள். அவர்களால் பிள்ளையின் கணிதக் கொப்பியைப் பார்த்து உதவ முடியாது. வீட்டில் கிடைக்காத உதவி பாடசாலையிலும் கிடைக்காவிட்டால், ரியூசனுக்குப் பணமில்லாத பிள்ளைக்கு வேறு வழியே இல்லை.

ஆகவே வகுப்பறைக்குள் நிலவும் உறவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். தரம் ஒன்பதில் ஒரு கணித பாடம். மூன்றிலிருந்து அடைப்புக்குறிக்குள் இருக்கும் எக்ஸ் சய இரண்டைக் கழிக்க வேண்டும். ஆசிரியர் பலகையில் செய்து காட்டிவிட்டு, “விளங்கிச்சா?” என்கிறார். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் “ஓம் சேர்” என்கிறது. பின்வாங்கில் இருக்கும் ஒரு பிள்ளையின் கொப்பியைப் புரட்டிப் பாருங்கள்: அடைப்பை நீக்கும்போது இரண்டாவது உறுப்பின் குறியை அது மாற்றவில்லை, அடுத்த ஐந்து கணக்குகளிலும் அதே பிழை. கேட்டால் திட்டு விழும், மற்றப் பிள்ளைகள் சிரிக்கும் என்பதால் அது எழுந்து “விளங்கல்ல சேர்” என்று சொல்லவில்லை. அந்த ஒரு குறிப் பிழை தரம் பதினொன்று வரை அதனுடன் செல்கிறது. பரீட்சை மண்டபத்தில் தோற்பது அந்தப் பிள்ளைதான். ஆனால் தோல்வி தொடங்கிய இடம், கேள்வி கேட்க முடியாத அந்த வகுப்பு.

இதே பாடத்தை வேறுவிதமாக நடத்திய ஓர் ஆசிரியையை நான் கண்டிருக்கிறேன். கொப்பிகளில் கண்ட பிழையான செய்கை ஒன்றை, யாருடையது என்று சொல்லாமல் பலகையில் எழுதி, “இதில எங்க பிசகு, சொல்லு மனே” என்று ஒவ்வொரு வாங்காகக் கேட்டுச் செல்வார். பிழையைக் கண்டுபிடிப்பது அங்கே விருப்பமான வேலையாகிவிட்டது. பிழை விட்ட பிள்ளையே சில வேளைகளில் எழுந்து திருத்திக் காட்டியது. இதற்கு நிதி ஒதுக்கீடும் வேண்டியதில்லை, புதிய கட்டடமும் வேண்டியதில்லை.

உடல்ரீதியான தண்டனையைத் தவிர்க்குமாறு கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை அனுப்பியது. பிரம்பு பல இடங்களில் மறைந்துவிட்டது. நாக்கினால் அடிப்பது மறையவில்லை. “நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு” என்ற வார்த்தையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அடுத்த தவணையில் பாடசாலைக்கு வராமல் நின்றுவிட்டால் அதில் வியப்பென்ன? புள்ளிகளைக் கொண்டு வகுப்புகளைப் பிரித்து, கடைசி வகுப்புக்கு அனுபவம் குறைந்தவரை அனுப்பும் வழக்கமும் இத்தகையதே. அந்த வகுப்பில் உள்ள பிள்ளைகள், தங்களைப் பற்றிய தீர்ப்பு எழுதி முடிந்துவிட்டது என்று வெகு விரைவில் புரிந்துகொள்கிறார்கள்.

நம் முன்னோர் இந்த உண்மையை அறியாதவர்கள் அல்லர். சுவாமி விபுலாநந்தர் 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியபோது, அதனுடன் மாணவர் இல்லமும் இயங்கியது. கல்வி அமைச்சர் கன்னங்கராவின் காலத்தில் எழுந்த மத்திய கல்லூரிகளும், நமது வந்தாறுமூலை மத்திய கல்லூரி உட்பட, விடுதிகளுடனேயே அமைந்தன. கிராமத்துப் பிள்ளைக்கு நல்ல வகுப்பறை மட்டும் போதாது, இரவில் விளக்கும் மேசையும் படிக்கும் நேர ஒழுங்கும் வேண்டும் என்று அவர்கள் கண்டிருந்தார்கள். இன்று கிராமத்துக்கு மின்சாரம் வந்துவிட்டது. ஆனால், ஒரே அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டில் அந்த மேசை இன்னும் இல்லை. மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை ஒரு வகுப்பறையைத் திறந்து வைத்து, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரையோ பல்கலைக்கழக மாணவர் ஒருவரையோ அங்கே இருக்கச் செய்வது பழைய மாணவர் சங்கங்களால் இயலக்கூடிய காரியம். வரவேற்பு வளைவு கட்டுவதற்குச் சேர்க்கும் பணத்தை இதற்குச் சேர்க்கலாம் என்று நான் பணிவுடன் வேண்டுகிறேன்.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குச் செல்லும்போது, கணக்கறிக்கை வாசித்து முடிந்தவுடன் எழுந்து வந்துவிடாதீர்கள். கடந்த தவணையில் எனது பிள்ளையின் வகுப்பில் எத்தனை பாடவேளைகள் ஆசிரியரின்றிச் சென்றன, மழைக்கு முன்னர் எந்த வகுப்புக்குத் தடுப்புச் சுவர் கட்டப்படும், பெண்பிள்ளைகளின் மலசலகூடத்துக்குக் கதவும் தண்ணீரும் எப்போது வரும் என்று அதிபரிடம் மரியாதையாகக் கேளுங்கள். பதிலைக் கூட்ட அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்த அறிக்கையை வாசிக்கச் சொல்லி மறுபடியும் கேளுங்கள்.

நன்றி. வணக்கம்.