17 வயதை என்னவென்று கூப்பிடுவது?

எல்லோருக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கே வந்துவிடுகிறேன். 17 வயதுப் பையன் ஒருவன் சதுரங்கத்தில் கோப்பை வாங்கினால் செய்தியில் அவன் மாணவர், ஆற்றில் மூழ்கி இறந்துபோனால் சிறுவன், அதே வயதுப் பையன் அடிதடியில் மாட்டிக்கொண்டால் மட்டும் வாலிபர் ஆகிவிடுகிறான். 'சிறுவன்' என்று படித்தவுடன் ஐயோ பாவம் என்கிறோம், 'வாலிபர்' என்று படித்தால் இவனுக்கெல்லாம் நல்லா வேணும் என்கிறோம். என்ன நடந்தது என்று யாரும் விசாரிக்கும் முன்பே அந்த ஒரு சொல் அவனை ஒரு பக்கம் தள்ளிவிடுகிறது. இதுதான் என்னை உறுத்துகிறது.

வயதுக்கு எல்லை இல்லாமலும் இல்லை. 1989-இல் ஐ.நா. கொண்டுவந்த குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, பொதுவாக 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்கிறது. அதே ஐ.நா. புள்ளிவிவரம் எடுக்கும்போது 15 முதல் 24 வரை இளைஞர் என்று கணக்கு வைக்கிறது. உலக சுகாதார நிறுவனத்துக்கு 10 முதல் 19 வரை வளரிளம் பருவம். ஆக, 16 வயதுப் பிள்ளை மூன்றிலும் இருக்கிறது, அது பரவாயில்லை, ஏனென்றால் அங்கே அளவுகோல் வயது. நாம் வைத்திருக்கும் அளவுகோல், அந்தப் பிள்ளைமேல் அந்த நேரத்தில் நமக்கு இருக்கிற கோபமோ பரிவோதான்.

சொற்கள் மாறும், அதில் எனக்கு வருத்தமில்லை. தொல்காப்பியம் மரபியலில் இளமைப் பெயர்கள் என்று பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பதைச் சொல்லிவிட்டு, மனிதர்களுக்குக் குழவி, மகவு இரண்டு மட்டுமே உரியவை என்று முடிக்கிறது. அந்தக் கணக்குப்படி நம் வீட்டுப் பிள்ளைகளைப் பிள்ளை என்றே சொல்லக்கூடாது! இன்று அணிலும் பிள்ளை, தென்னங்கன்றும் பிள்ளை, நம் மகனும் மகளும் பிள்ளைதான். எனக்கு மிகவும் பிடித்த சொல் அது, ஆண் பெண் பார்க்காமல் அணைத்துக்கொள்கிற சொல். ஆனால் 'விடலை'க்கு நேர்ந்ததைப் பாருங்கள். சங்கப் பாட்டில் பாலை வழியில் காதலியை அழைத்துக்கொண்டு துணிந்து நடக்கிற தலைவன் விடலை, காளை. இன்று 'விடலைப் பசங்க' என்றால் வேலைவெட்டி இல்லாமல் தெருமுனையில் நிற்கிறவர்கள் என்று அர்த்தமாகிவிட்டது. அந்தப் பையன்கள் என்ன தப்பு செய்தார்கள், நின்றார்கள், அவ்வளவுதானே?

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் கொடுமை. 12 வயதில், கையில் ஸ்கிப்பிங் கயிறோடு குதித்துக்கொண்டிருக்கிறவளைப் பார்த்து 'பெரிய மனுஷி ஆயிட்டா' என்கிறோம், அந்த ஒரு வார்த்தையோடு கயிறு பறிபோகிறது, வாசலில் நிற்பது பறிபோகிறது, சத்தமாகச் சிரிப்பதும் பறிபோகிறது. அப்புறம் அவள் அண்ணன், 25 வயது, ஏதாவது கூத்தடித்துவிட்டு வந்தால் 'சின்னப் பையன்தானே, போகப்போகச் சரியாயிடுவான்'. இவளுக்கு 12 வயதிலேயே முடிந்துபோன சிறுவயது இவனுக்கு 25 வயதிலும் முடியவில்லை! பெரிய மனுஷி என்று சொன்ன வீட்டில், எந்தப் பள்ளியில் படிக்க ஆசை என்று அவளிடம் ஒருவராவது கேட்கிறார்களா என்றால் அதுவும் கிடையாது.

வீட்டுக்குள்ளே நாம் எல்லோரும் இதைச் செய்கிறோம். காலையில் பெரியவர்கள் பேச்சில் வாயைத் திறந்தால் 'சின்னப் பிள்ளை, உனக்கென்ன தெரியும், உள்ளே போ', சாயங்காலம் தம்ளரைக் கீழே போட்டு உடைத்தால் 'ஏழு கழுதை வயசாச்சு, இதுகூடவா தெரியாது'. இடையில் பத்து மணி நேரம்கூட ஆகவில்லை. பேச்சு கேட்க வேண்டிய நேரத்தில் சின்னது, திட்டு வாங்க வேண்டிய நேரத்தில் பெரிது என்றால் அந்தப் பிள்ளை எதை நம்பும்?

செய்தி எழுதுகிறவர்கள், வகுப்பெடுக்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. கோப்பை வாங்கினாலும் கைதானாலும் 17 வயது என்றால் சிறுவன், சிறுமி என்றே எழுதுங்கள். செய்த காரியம் தவறென்றால் அதை அடுத்த வரியில் எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.