சைக்கிள் டியூப்: எந்த வால்வு வாங்குவது?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சைக்கிளுக்கு டியூப் மாற்ற வேண்டும் என்று கடைக்குப் போகிறோம். '26 இஞ்ச் டியூப் ஒண்ணு கொடுங்க' என்கிறோம். கடைக்காரர் 'எந்த வால்வு?' என்று கேட்கிறார். அங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். சக்கரத்தின் அளவு தெரிந்திருக்கிறது, டயரின் அகலம்கூடத் தெரிந்திருக்கிறது, காற்று போகிற வாசல் எப்படிப்பட்டது என்று பார்த்ததில்லை. இருபது முப்பது வருடத்துக்கு முன்னால் நம் ஊரில் இந்தக் கேள்விக்கு அவசியமே இல்லை. இருந்தது பெரும்பாலும் ஒரே வகை வால்வு. இப்போது கியர் சைக்கிள், குழந்தைகள் சைக்கிள், ஒல்லி டயர் போட்ட ரோடு பைக் என்று எல்லாம் வந்துவிட்டது. மூன்று வகை வால்வுகளும் ஒரே கடையில் தொங்குகின்றன.

என்னிடம் யாராவது எந்த வால்வு நல்லது என்று கேட்டால், நான் முதலில் கேட்பது ஒன்றுதான். உங்கள் சைக்கிளுக்கு எங்கே காற்று அடிப்பீர்கள்? வீட்டிலா, தெருமுனைக் கடையிலா, பெட்ரோல் பங்க்கிலா? அந்தப் பதிலில் பாதி முடிவு வந்துவிடும். மீதிப் பாதியை ரிம்மில் உள்ள துளை சொல்லிவிடும்.

வானொலியில் படம் காட்ட முடியாது. ஆனால் பக்கத்தில் சைக்கிள் நின்றால் போய் வால்வு மூடியைக் கழற்றிப் பாருங்கள். குழாய் போன்ற தண்டின் மேல் சொரசொரப்பாக ஒரு வளைய நட்டு இருந்து, அதைத் திருகினால் உள்ளிருக்கும் பாகம் முழுதாகக் கையோடு வந்துவிடும் என்றால் அது டன்லப் வால்வு. நம் சாதா சைக்கிள் வால்வு. மோட்டார் பைக்கில் இருப்பதைப் போலவே தடியாக இருந்து, வாய்க்குள் ஒரு சின்ன ஊசி தெரிந்தால் அது ஷ்ரேடர். கடைகளில் பைக் வால்வு என்றால் இதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். பென்சிலைவிட ஒல்லியாக, உச்சியில் குட்டி நட்டோடு இருந்தால் அது பிரெஸ்டா.

டன்லப் வால்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை. எனக்கு அதன் மேல் ஒரு மரியாதை உண்டு. ஜான் பாய்ட் டன்லப் ஸ்காட்லாந்தில் பிறந்தவர், பெல்ஃபாஸ்ட் நகரத்தில் கால்நடை மருத்துவராக இருந்தார். மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்றடைத்த டயரைச் செய்து பார்த்து, 1888-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். நாம் இன்று டன்லப் வால்வு என்று சொல்வதை இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் வூட்ஸ் என்பவர். அதனால் சில இடங்களில் வூட்ஸ் வால்வு என்றும் சொல்கிறார்கள்.

அதற்குள் இருப்பது என்ன? பக்கவாட்டில் ஒரு பொட்டுத் துளை உள்ள உலோகத் தண்டு. அதன் மேல் இறுக்கமாகப் போர்த்திய ரப்பர் குழல். நாம் வால் டியூப் என்கிறோமே, அதுதான். பம்பிலிருந்து வரும் காற்று அந்தத் துளை வழியாக வெளியே தள்ளி, ரப்பரை விரித்துக்கொண்டு டியூபுக்குள் போகிறது. அடிப்பதை நிறுத்தியதும் டியூபுக்குள் இருக்கும் காற்றே ரப்பரைத் துளையோடு சேர்த்து அழுத்தி அடைத்துவிடுகிறது. ஸ்பிரிங் கிடையாது, ஊசி கிடையாது. கெட்டுப்போனால் அந்த ரப்பர் துண்டை மட்டும் மாற்றினால் போதும். தண்டில் கொஞ்சம் தண்ணீர் தொட்டுக்கொண்டு புது ரப்பரை ஏற்றி, நட்டை விரலாலேயே முடுக்கிவிடலாம். எந்தக் கருவியும் வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளைகூடத் தானே செய்துகொள்ளலாம். இது சின்ன விஷயம் இல்லை. காற்று இறங்கிய சைக்கிளைப் பல மைல் தள்ளிக்கொண்டு போகாமல் இருப்பதற்கு இந்த எளிமைதான் காரணம்.

குறைகளும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ரப்பர் வெயிலில் காய்ந்து வெடிக்கும். நாள்பட்டால் துளையோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது எவ்வளவு அழுத்தினாலும் காற்று ஏறாது. ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் ரப்பரை விரிக்கவே தனியாக ஒரு பலம் தேவை, அதனால் கை வலிக்கும். கொஞ்சம் காற்றை மட்டும் இறக்கவும் முடியாது. நட்டைத் தளர்த்தினால் புஸ்ஸென்று எல்லாம் போய்விடும். இன்னொன்று, உள்ளே எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று மானி வைத்துச் சரியாக அளக்க முடியாது. டியூபின் காற்று ரப்பரைத் தாண்டி மானிக்கு வராது அல்லவா? அதனால்தான் நம் ஊரில் கட்டைவிரலால் டயரை அமுக்கிப் பார்க்கும் வழக்கம் வந்தது.

இது ஏழை நாட்டு வால்வு, பழைய வால்வு என்று சிலர் ஒதுக்குவதைக் கேட்டிருக்கிறேன். அது தவறு. சைக்கிளுக்குப் பேர்போன நெதர்லாந்திலும், ஜப்பானில் வீட்டுக்கு வீடு நிற்கும் கடைவீதி சைக்கிள்களிலும் இன்றுவரை ஓடுவது இந்த வால்வுதான். ஐரோப்பாவில் ரப்பர் குழலுக்குப் பதிலாக உள்ளே சிறு குண்டு வைத்த திருத்திய பாகம் பரவிவிட்டது. அதே டன்லப் தண்டில் அதைச் செருகினால் போதும், காற்று சுலபமாக ஏறும். நம் கடைகளில் கிடைத்தால் தயங்காமல் வாங்கிப் போடுங்கள்.

அடுத்தது ஷ்ரேடர். 1890-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவானது. கார், பைக், ஸ்கூட்டர் எல்லாவற்றிலும் இதுதான். உள்ளே ஸ்பிரிங் வைத்த ஊசி. பம்பின் வாய் ஊசியை அமுக்கினால் திறக்கும், விட்டால் ஸ்பிரிங் மூடிவிடும். மானி வைத்து அளக்கலாம், நகத்தால் ஊசியை அமுக்கிக் கொஞ்சம் காற்று இறக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தப் பெட்ரோல் பங்க்கிலும் காற்று கிடைக்கும். நகரத்தில் தினமும் வேலைக்கு சைக்கிளில் போகிறவர், பிள்ளையின் சைக்கிளுக்கு வாரம் ஒரு தடவை காற்றுப் பார்க்க வேண்டிய பெற்றோர் இவர்களுக்கு இதைவிடச் சிறந்தது வேறில்லை என்பது என் கருத்து.

பங்க்கில் அடிக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். அந்தக் கம்ப்ரஸர் கார் டயருக்கானது. சைக்கிள் டியூபுக்குள் பிடிக்கும் காற்றோ மிகக் கொஞ்சம். ஒரேயடியாக அழுத்திப் பிடித்தால் டயர் ரிம்மை விட்டு எகிறி டியூப் வெடித்துவிடும். ஒரு நொடி விட்டு நிறுத்தி, அமுக்கிப் பார்த்து, மறுபடி ஒரு நொடி. உங்கள் டயர் எவ்வளவு தாங்கும் என்பது அதன் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். அப்புறம், ஷ்ரேடரில் மூடி கட்டாயம். தூசி போய் ஊசியில் உட்கார்ந்தால் காற்று மெல்ல மெல்லக் கசியும். வால்வு வாயில் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு வையுங்கள். முட்டை விட்டால், பஞ்சர் தேடி டியூபைக் கழற்ற வேண்டாம். உள்ளிருக்கும் ஊசிப் பகுதியை முடுக்கினாலே சரியாகிவிடும்.

பிரெஸ்டா பிரான்ஸ் நாட்டில் பிறந்தது. இதில் ஸ்பிரிங் இல்லை. உச்சியில் உள்ள குட்டி நட்டைத் தளர்த்தி, ஒரு தட்டுத் தட்டி ஊசியை விடுவித்து, காற்றடித்து, மறுபடி நட்டை முடுக்க வேண்டும். ஸ்பிரிங் இல்லாததால் கைப்பம்பில் சுலபமாக ஏறும். அதே சமயம் ஊசி மெல்லியது, பம்பை அவசரமாகப் பிடுங்கினால் வளைந்துவிடும்.

அதிக அழுத்தத்துக்குப் பிரெஸ்டாதான் தாங்கும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது சரியில்லை. மலைப்பாதை சைக்கிள்களின் முன் ஃபோர்க்கில் குலுக்கலைத் தாங்கக் காற்றடைக்கும் சஸ்பென்ஷனில் ஷ்ரேடர் வால்வுதான் இருக்கிறது. ஒல்லியான ரோடு டயருக்கே 80, 100 பிஎஸ்ஐ அழுத்தம் போதும் என்னும்போது, அந்த சஸ்பென்ஷனில் 100-ஐத் தாண்டியும் அடைப்பார்கள். விமானச் சக்கரங்களில்கூட ஷ்ரேடர் உண்டு. பிரெஸ்டாவின் உண்மையான பலம் அதன் ஒல்லி உடம்பு. அதற்கு ரிம்மில் சுமார் 6.5 மில்லிமீட்டர் துளை போதும். ஷ்ரேடருக்கும் டன்லப்புக்கும் சுமார் 8.5 மில்லிமீட்டர் வேண்டும். ரோடு பைக்கின் குறுகிய ரிம்மில் அந்த இரண்டு மில்லிமீட்டர் உலோகம் மிச்சமாவது பெரிய லாபம்.

துளை என்றதும் ஒரு எச்சரிக்கை. பிரெஸ்டா ரிம்மில் ஷ்ரேடர் டியூப் போட வேண்டுமென்று டிரில் வைத்துத் துளையைப் பெரிதாக்கித் தரும் கடைகள் உண்டு. அகலமான ரிம்மாக இருந்தால், பிசிறு இல்லாமல் அரத்தால் தேய்த்துவிட்டால், பரவாயில்லை. ஒல்லி ரிம்மில் தயவுசெய்து செய்யாதீர்கள். மறுபக்கம், பெரிய துளையில் பிரெஸ்டா டியூபை அப்படியே மாட்டினால் தண்டு ஆடும். துளையின் விளிம்பு டியூபை வால்வின் அடியில் அறுத்துவிடும். அந்த இடத்தில் கிழிந்தால் ஒட்டுப் போடவும் முடியாது. இதற்கென்றே ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ ஒரு சின்ன வளையம் வருகிறது. அதைப் போட்டுவிட்டு மாட்டுங்கள்.

டன்லப்பும் ஷ்ரேடரும் ஒரே துளைக்குள் போகும் என்பது நமக்குக் கிடைத்த வசதி. உங்கள் பழைய சைக்கிளின் அளவுக்கு ஷ்ரேடர் டியூப் கிடைத்தால் ரிம்மைத் தொடாமலே மாறிக்கொள்ளலாம். ஆனால் மாற வேண்டுமா என்று யோசியுங்கள். பங்க் பக்கத்தில் இல்லாத கிராமம், தெருவில் சைக்கிள் கடை இருக்கிறது, வீட்டில் பழைய பம்பு இருக்கிறது என்றால் டன்லப்பை விட்டு ஏன் வர வேண்டும்? கூடுதலாக ஒரு விரல் நீளம் வால் டியூப் வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டால் போதும்.

தொலைதூரம் போகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சென்னையிலும் கோவையிலும் பிரெவே என்ற நெடும்பயணம் ஓட்டுகிறவர்கள் இப்போது நிறைய. 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், வழியில் ஏற்படும் பழுதைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. அவர்களில் பலரிடம் இருப்பது பிரெஸ்டா. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலை பஞ்சரானால், பெட்ரோல் பங்க் எதிரிலேயே இருந்தும் காற்று அடிக்க முடியாது. இதற்குத் தீர்வு பித்தளையில் செய்த குட்டி அடாப்டர். பிரெஸ்டாவின் நட்டைத் திறந்து அதன் மேல் இதைத் திருகினால் பங்க் குழாய் உட்காரும். ஒன்றை வால்விலேயே மாட்டிவைத்துவிட்டு, இன்னொன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இதோடு, வாங்கும்போதே தண்டின் நீளத்தைப் பாருங்கள். சாதாரண ரிம்முக்கு 40 மில்லிமீட்டர் போதும். ஆழமான ரிம்முக்கு 60 அல்லது 80 வேண்டும். குட்டையாக வாங்கிவிட்டால் பம்பின் வாய் பிடிக்க இடமே இருக்காது.

வீட்டில் ஒரே பம்பு, சைக்கிள்கள் மட்டும் பலவிதம் என்றால் கவலை வேண்டாம். பிரெஸ்டாவுக்கான பம்பு வாய் டன்லப்பையும் பிடித்துக்கொள்ளும். இரண்டு வாய் உள்ள பம்பாக வாங்கினால் மூன்று வால்வுக்கும் போதும்.

எந்த வால்வாக இருந்தாலும் மாட்டும் முறை ஒன்றுதான். டியூபில் முதலில் லேசாகக் காற்று விட்டு உருண்டையாக்கிக்கொள்ளுங்கள். வால்வைத் துளையில் விட்டு டயரை ஏற்றியதும், வால்வை ஒரு தடவை உள்ளே தள்ளி வெளியே இழுத்துவிடுங்கள். டயர் விளிம்புக்கு அடியில் டியூப் சிக்கியிருந்தால் அது விடுபடும். வால்வை ரிம்மோடு பிடித்துவைக்கும் நட்டைக் கை இறுக்கத்துக்கு மேல் முடுக்க வேண்டாம். சில நாள் ஓட்டியபின் வால்வு சாய்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் காற்று குறைவாக ஓட்டியதால் டயரும் டியூபும் ரிம்மில் நகர்ந்திருக்கின்றன. காற்றை முழுதாக இறக்கி, டயரை நகர்த்தி வால்வை நேராக்கி, மறுபடி அடியுங்கள். அப்படியே விட்டால் தண்டின் அடி கிழிந்துவிடும். பையில் வைக்கும் ஸ்பேர் டியூபின் வால்வுக்கு மூடி போட்டு, துணியில் சுற்றி வையுங்கள். இல்லையென்றால் அந்த உலோக முனையே உரசி உரசிப் புது டியூபில் ஓட்டை போட்டுவிடும்.

நன்றி, வணக்கம்.