மிசிசிப்பி அஞ்சிய குழந்தைகள் நிகழ்ச்சி: செசமி ஸ்ட்ரீட்டை வடிவமைத்த கறுப்பினக் கல்வியாளர்கள்

[திரையில்: பழைய நாளிதழ்ப் பக்கம், அமெரிக்கத் தென்மாநிலங்களின் வரைபடத்தில் மிசிசிப்பி மட்டும் வண்ணம் பெறுகிறது]

வணக்கம். குழந்தைகளுக்கு எழுத்தும் எண்ணும் கற்றுத்தரும் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பற்றி ஓர் அரசு ஆணையம் கூடி, வாக்கெடுத்து, அதைத் தன் மாநிலத்தில் ஒளிபரப்பக் கூடாது என்று முடிவு செய்தது என்றால் நம்புவீர்களா? 1970ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் அதுதான் நடந்தது. அந்த நிகழ்ச்சியில் அடிதடி கிடையாது, அரசியல் பேச்சும் கிடையாது. மஞ்சள் நிறத்தில் ஒரு பெரிய பறவையும், குப்பைத் தொட்டிக்குள் குடியிருந்துகொண்டு எல்லோர்மேலும் எரிந்துவிழும் ஒரு பொம்மையும் இருந்தார்கள். ஆணையத்தின் உறுப்பினர்களை உறுத்தியது வேறொரு காட்சி. கறுப்பினக் குழந்தைகளும் வெள்ளையினக் குழந்தைகளும் ஒரே வாசற்படியில் உட்கார்ந்து சேர்ந்து பாடினார்கள். இதற்கு எங்கள் மாநிலம் இன்னும் தயாராகவில்லை என்பதே அப்போது சொல்லப்பட்ட காரணம். செய்தி வெளியே கசிந்து நாடெங்கும் கண்டனம் எழுந்தபின், மே மாதம் முடிவதற்குள் அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது.

செசமி ஸ்ட்ரீட் என்ற பெயரைக் கேட்டவுடன் பலருக்கும் பொம்மைகள்தான் நினைவுக்கு வரும். அந்தத் தெருவில் யார் யார் வாழ வேண்டும், யார் வீட்டு வாசலில் யார் உட்கார வேண்டும் என்பதைக் கவனமாகத் தீர்மானித்தவர்களில் கறுப்பினக் கல்வியாளர்களும் மருத்துவர்களும் இருந்தார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இந்த வீடியோ அவர்களைப் பற்றியது. இறுதிவரை பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஒன்று கடைசியில்தான் வருகிறது.

முதலில் பின்னணி, மிகச் சுருக்கமாக. 1966இல் ஜோன் கான்ஸ் கூனி என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளரும் கார்னகி நிறுவனத்தைச் சேர்ந்த லாய்ட் மாரிசெட்டும், வறிய குடும்பத்துக் குழந்தைகளைப் பள்ளிக்குத் தயார்ப்படுத்தத் தொலைக்காட்சி உதவுமா என்று பேசத் தொடங்கினார்கள். 1968இல் அதற்கென ஒரு நிறுவனம் உருவானது, மத்திய அரசும் அறக்கட்டளைகளுமாக ஏறத்தாழ 80 லட்சம் டாலர் தந்தன, 1969 நவம்பர் 10 அன்று நிகழ்ச்சி தொடங்கியது.

[திரையில்: ஹார்வர்டு கால்பந்து அணியின் குழுப்படம்]

இனி செஸ்டர் பியர்ஸிடம் வருவோம். 1947இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி, தென்மாநிலமான வர்ஜீனியாவுக்கு விளையாடச் சென்றது. அந்த மண்ணில், வெள்ளையர் மட்டுமே படித்த ஒரு பல்கலைக்கழக அணியை எதிர்த்துக் களமிறங்கிய முதல் கறுப்பின மாணவர் பியர்ஸ். ஆட்டத்தில் ஹார்வர்டு 47க்கு 0 என்று தோற்றது. அவரை மற்ற வீரர்களிடமிருந்து பிரித்து வேறிடத்தில் தங்க வைக்க ஏற்பாடு செய்யப்பட்டபோது, அணியினர் அவருடனேயே சென்று தங்கினார்கள். அந்த மாணவர் பின்னர் மனநல மருத்துவரானார். தென் துருவத்தில் மாதக்கணக்கில் அடைபட்டு வாழும் மனிதர்களின் உறக்கத்தையும் மனநிலையையும் ஆராய்ந்தார். அந்தப் பணிக்காக அண்டார்க்டிகாவில் ஒரு சிகரத்துக்கே அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது.

குழந்தைகள் நிகழ்ச்சிக்கும் தென் துருவத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு இருக்கிறது. கடுங்குளிரும் தனிமையும் நிச்சயமின்மையும் ஒரு மனிதனை எப்படி நாள்தோறும் சிறிது சிறிதாகத் தேய்க்கின்றன என்று ஆராய்ந்த பியர்ஸ், தன் நாட்டின் நகரங்களில் கறுப்பின மக்கள் வாழும் அன்றாட வாழ்க்கையும் அத்தகைய கடுஞ்சூழலே என்று எழுதினார். பெரிய தாக்குதல்களைக் காட்டிலும், ஒவ்வொரு நாளும் ஓயாமல் வந்து விழும் சிறு சிறு அவமதிப்புகள் ஒன்றுசேர்ந்து செய்யும் கேடு பெரிது என்பது அவர் கண்டறிந்தது. இன்று உலகெங்கும் புழங்கும் மைக்ரோஅக்ரெஷன் என்ற சொல்லை 1970இல் உருவாக்கியவர் அவர்தான்.

மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தத் துயரத்துக்குப் பிறகு, 1969இல், கறுப்பின மனநல மருத்துவர்கள் தங்களுக்கென ஒரு தேசிய அமைப்பைத் தொடங்கி, பியர்ஸைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். இனவெறியைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாகப் பார்க்க வேண்டும் என்று அவர் வாதாடினார். அவர் கணக்கில் தொலைக்காட்சி அந்த நோயைச் சுமந்து பரப்பும் கருவி: கொசு ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மலேரியாவைக் கொண்டுபோவதைப் போல, ஒரு பெட்டி லட்சக்கணக்கான வீடுகளுக்கு இழிவுபடுத்தும் படங்களைக் கொண்டுசேர்த்தது. அப்படியானால் அதே பெட்டியின் வழியாக மாற்று மருந்தையும் அனுப்ப முடியும் அல்லவா? செசமி ஸ்ட்ரீட்டின் ஆலோசகராக அவர் இணைந்த நேரமும் அதுவே.

அந்த மருந்துக்கு ஒரு வடிவம் இருந்தது. எழுத்து, எண், மேல், கீழ், பெரியது, சிறியது என்பவை வெளிப்படையான பாடங்கள். அவற்றுக்கு அடியில் ஒரு மறைமுகப் பாடத்திட்டம் ஓடியது. அதைப் பற்றி விரிவாக எழுதியவர் அந்த நிகழ்ச்சியின் நடிகையே என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தரும் செய்தி.

[திரையில்: கல் படிகள், தெருவிளக்கு, பின்னால் மரக்கதவுகள்]

அவர் பெயர் லொரெட்டா லாங். மிச்சிகன் மாநிலத்தின் பா பா என்ற சிற்றூரைச் சேர்ந்த இவர், பயிற்சி பெற்ற பள்ளி ஆசிரியை. அந்தத் தெருவில் வாழும் சூசன் என்ற பாத்திரத்துக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு இவர் கிட்டார் இல்லாமல், நெருக்கமான சுருள்முடியோடு போய் நின்றார். அங்கே அவர்கள் எதிர்பார்த்ததோ நாட்டுப்புறப் பாடகியின் தோற்றம். இவர் இசைக்கருவி எதுவுமின்றிக் குழந்தைப் பாடல் ஒன்றைப் பாடினார், படப்பதிவைப் பார்த்த குழந்தைகள் எழுந்து சேர்ந்து பாடினார்கள், வேலை கிடைத்தது. சூசனாக நடித்துக்கொண்டே படித்து, 1973இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் செசமி ஸ்ட்ரீட்டைப் பற்றியே முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். கறுப்பினக் குழந்தையும் பிற சிறுபான்மைக் குழந்தையும் தன்னைத்தானே மதிக்கக் கற்பதே அந்த மறைமுகப் பாடத்தின் நோக்கம் என்றும், பல இனத்தவர் கலந்து வாழும் அந்தத் தெருவே அதற்கான கருவி என்றும் அதில் அவர் விளக்கினார்.

அந்தப் பாடம் நடைமுறையில் எப்படி இருந்தது என்று பாருங்கள். முதல் நிகழ்ச்சியின் தொடக்கத்தில், தெருவுக்குப் புதிதாக வந்த சாலி என்ற சிறுமியைக் கோர்டன் என்ற கறுப்பின ஆசிரியர் அழைத்துவந்து அங்குள்ளவர்களை அறிமுகம் செய்கிறார். அவர் மனைவி சூசன். இருவருக்கும் சொந்த வீடு இருக்கிறது. ஒருவரையொருவர் அன்போடு நடத்துகிறார்கள். வெள்ளையினக் குழந்தைகளும் சந்தேகம் கேட்க அவர்களிடம்தான் வருகிறார்கள். இனம் என்ற சொல்லைக்கூட யாரும் உச்சரிக்கவில்லை. வேலைக்காரராகவும் கோமாளியாகவும் மட்டுமே கறுப்பின மனிதர்களைத் திரையில் பார்த்துப் பழகிய ஒரு நாட்டில், தெருவின் மூத்தவராக, வழிகாட்டியாக, கேட்டதற்குப் பதில் தெரிந்தவராக ஒரு கறுப்பின ஆண் வந்து நின்றதைக் காட்டிலும் துணிச்சலான பாடம் அந்த நேரத்தில் வேறெந்தக் குழந்தைகள் நிகழ்ச்சியிலும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. குறையும் இருந்தது: சூசன் ஆரம்பத்தில் வீட்டிலேயே இருப்பவராகக் காட்டப்பட்டதைப் பெண்ணுரிமை அமைப்புகள் கண்டித்தன, பிறகு அவர் செவிலியராக வேலைக்குப் போகத் தொடங்கினார்.

கோர்டனாக முதலில் நடித்த மாட் ராபின்சன், எழுத்தாளராகவும் தயாரிப்பாளராகவும் அங்கே வந்தவர். தெரு நட்பாக இருந்தால் போதாது, கறுப்பினக் குழந்தை தன் பேச்சையும் தன் தாளத்தையும் அங்கே கேட்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்காக அவர் உருவாக்கிக் குரல் கொடுத்த பொம்மைதான் ரூஸ்வெல்ட் ஃபிராங்க்ளின். ஊதா நிறத் தோல், கறுப்பின மக்களின் பேச்சுநடை, வகுப்பில் ஆசிரியரின் இடத்தை எடுத்துக்கொண்டு தானே பாடம் நடத்தும் தன்னம்பிக்கை. 1971இல் அவன் பெயரில் ஓர் இசைத்தட்டே வெளியானது.

இங்கே கதை சிக்கலாகிறது, நான் இதைத் தவிர்த்துவிட்டுப் போக விரும்பவில்லை. ரூஸ்வெல்ட்டின் வகுப்பறை இரைச்சலும் கும்மாளமுமாக இருந்தது. அதைப் பார்த்த கறுப்பினப் பெற்றோரிலும் நிகழ்ச்சியில் பணியாற்றியவர்களிலும் சிலர், கறுப்பினப் பிள்ளைகள் அடங்காதவர்கள் என்ற பழைய பழிக்கு இது தீனி போடுகிறதே என்று வருந்தினார்கள். இன்னும் சிலருக்கு, பொம்மை இனம் சார்ந்து பேசுவதே பிடிக்கவில்லை. 1970களின் நடுவில் அவன் நிகழ்ச்சியிலிருந்து மறைந்தான். என்னைக் கேட்டால், இரு தரப்பும் நியாயமானவை. ஒரு சமூகம் முழுவதையும் தாங்க ஒரேயொரு பொம்மையை நிறுத்தினால், அந்தப் பொம்மை என்ன செய்தாலும் குற்றமாகத்தான் முடியும். அவனைப் போல ஐந்தாறு பேர் இருந்திருந்தால் ஒருவன் கும்மாளக்காரனாகவும் இன்னொருவன் அமைதியானவனாகவும் இருந்திருக்கலாம். ராபின்சன் அதற்கு முன்பே கோர்டன் வேடத்தை விட்டு விலகியிருந்தார். நீங்கள் எந்தப் பக்கம் என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள், நான் படிக்கிறேன்.

நல்ல நிகழ்ச்சியைத் தயாரித்தால் மட்டும் போதுமா? யாருக்காக எடுக்கப்பட்டதோ அவர்களுக்குச் சேர வேண்டாமா? இந்தப் பொறுப்பை ஏற்றவர் ஈவ்லின் டேவிஸ், கறுப்பின மக்களின் உரிமைக்கும் முன்னேற்றத்துக்கும் உழைக்கும் அர்பன் லீக் என்ற அமைப்பின் நியூயார்க் பிரிவிலிருந்து வந்த கறுப்பினப் பெண்மணி. ஏழை மக்கள் வாழும் பகுதிகளில் குழந்தைகள் கூடிப் பார்ப்பதற்கான மையங்களை அவர் குழு ஏற்படுத்தியது, தாய்மார்களைச் சந்தித்து நிகழ்ச்சியை அறிமுகம் செய்தது. அந்தக் காலத்தில் கல்வித் தொலைக்காட்சி நிலையங்கள் பலவும் யுஎச்எஃப் என்ற அலைவரிசையில் இருந்தன, பல வீடுகளில் அது சரியாகத் தெரியாது. இந்தக் குறையையே பல ஆண்டுகள் கழித்துப் பொருளியலாளர்கள் ஆய்வாக மாற்றினார்கள்: மெலிசா கியர்னியும் ஃபிலிப் லெவைனும், நிகழ்ச்சி தெளிவாகத் தெரிந்த ஊர்களையும் தெரியாத ஊர்களையும் ஒப்பிட்டு, தெளிவாகத் தெரிந்த ஊர்களில் அன்று பள்ளி வயதை எட்டாமல் இருந்த குழந்தைகள் பிற்காலத்தில் வகுப்பில் பின்தங்குவது குறைவு என்றும், கறுப்பினக் குழந்தைகளிடமும் ஆண் பிள்ளைகளிடமும் அந்தப் பலன் கூடுதல் என்றும் 2015இல் காட்டினார்கள்.

[திரையில்: மேசைமேல் காகித வீடுகள், ஒரு பள்ளி, ஒரு தேவாலயம், ஒரு விளையாட்டுத் திடல்]

இப்போது நான் முன்பே சொன்ன ஆய்வு. 1980களின் முடிவில் செசமி ஸ்ட்ரீட்டின் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர் வலேரியா லவ்லேஸ் என்ற கறுப்பின உளவியலாளர். நாட்டில் இனப் பதற்றம் கூடிக்கொண்டிருந்த நேரத்தில், இருபது ஆண்டுகளாக இனத்தின் பெயரைச் சொல்லாமலே கற்பித்துவந்த நிகழ்ச்சி, 1989இல் நான்காண்டுத் திட்டமாக அதைப் பற்றி வாய்விட்டுப் பேச முடிவு செய்தது. மழலையர் வயதுக் குழந்தை இதைப் பற்றி என்ன நினைக்கிறது என்று எப்படிக் கேட்பது? கேள்வி கேட்டால் பெரியவருக்குப் பிடித்த பதிலைத்தானே அது சொல்லும்?

லவ்லேஸின் குழு கேள்வியைக் கைவிட்டு விளையாட்டைக் கையில் எடுத்தது. ஒரு சிறு ஊரின் மாதிரியை வைத்து, கறுப்பின மனிதர்களும் வெள்ளையின மனிதர்களும் எங்கே வாழ வேண்டும், எங்கே படிக்க வேண்டும், எங்கே விளையாட வேண்டும் என்று குழந்தைகளையே அமைக்கச் சொன்னார்கள். கறுப்பினம், பூர்வகுடி, சீன வம்சாவளி, போர்ட்டோ ரிக்கோ என்று பல பின்னணிகளிலிருந்து வந்த குழந்தைகளில் பெரும்பாலோர் எல்லோரையும் கலந்தே வைத்தார்கள். வெள்ளையினக் குழந்தைகளில் பெரும்பாலோர் வீடுகளையும் பள்ளிகளையும் விளையாட்டுத் திடலையும் தேவாலயத்தையும் இனவாரியாகப் பிரித்து வைத்தார்கள். அதேவேளையில், வேறு இனத்துப் பிள்ளைகளோடு நட்பாக இருக்க அவர்கள் தயாராகவே இருந்தார்கள். அண்டை வீட்டார் யாராக இருக்கலாம் என்பதை நான்கு வயதுக்குள் அவர்களுக்குக் கற்றுத்தந்தது யார் என்று நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து யாரும் பாடம் நடத்தியிருக்க மாட்டார்கள். சுற்றிலும் இருந்த ஊரே அவர்களின் பாடநூல்.

அடுத்து, ஒரு வெள்ளையினச் சிறுமி தன் கறுப்பினத் தோழியின் வீட்டுக்கு விருந்தாடப் போகும் சிறு படம் ஒன்றை எடுத்துக் குழந்தைகளிடம் போட்டுக்காட்டினார்கள். அன்பான வீடு, நல்ல சாப்பாடு, விளையாட்டு என்று எல்லாமே இனிமையாக இருந்தது. படம் முடிந்ததும், இந்தப் பிள்ளைகளின் அம்மா அப்பாவுக்கு இது பிடித்திருக்குமா என்று கேட்டார்கள். பாதிக்கும் குறைவான குழந்தைகளே பிடித்திருக்கும் என்றார்கள். மற்றவர்களில் பலர், பெற்றோர் வருந்துவார்கள் அல்லது கோபப்படுவார்கள் என்று எண்ணினார்கள். தோழிகள் சிரித்து விளையாடுவதைக் கண்ணால் பார்த்த பிறகும், பார்க்காத பெற்றோரின் முகத்தை அந்தக் குழந்தைகள் தாங்களாகவே கற்பனை செய்து நிரப்பிக்கொண்டார்கள்.

எனவே ஆராய்ச்சிக் குழு தயாரிப்பாளர்களுக்குத் தெளிவான பரிந்துரை ஒன்றைத் தந்தது: இனி இத்தகைய காட்சி எடுக்கும்போது பிள்ளைகள் மட்டும் வந்தால் போதாது, இரு வீட்டுப் பெற்றோரும் திரையில் வர வேண்டும், போவதற்கு முன்பும் திரும்பிவந்த பின்பும் அந்த நட்பில் தங்களுக்கு மகிழ்ச்சி என்று பிள்ளையிடம் வாய்திறந்து சொல்ல வேண்டும்.

லெவார் பர்ட்டன் நடத்திய ரீடிங் ரெயின்போவும், தென் கரோலைனாவின் தீவு ஒன்றில் நடக்கும் குல்லா குல்லா ஐலண்டும் தனித்தனி வீடியோ பெறத் தகுந்த குழந்தைகள் நிகழ்ச்சிகள்; எதை முதலில் எடுக்கலாம் என்று சொல்லுங்கள். சிறு குழந்தைகளோடு வேலை செய்யும் ஆசிரியர் யாரையேனும் உங்களுக்குத் தெரிந்தால், லவ்லேஸின் அந்தக் காகித ஊரைப் பற்றி அவர்களிடம் பேசிப்பாருங்கள். நன்றி, வணக்கம்.