ஒரு குவாட்டருக்குள் எத்தனை டிரிங்க்? குடியைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் போட வேண்டிய கணக்கு

"தினமும் ஒரே ஒரு குவாட்டர்தாங்க. அதுக்கு மேல தொடவே மாட்டேன்."

டாக்டர் கேட்டாலும் இதுதான் பதில், மனைவி கேட்டாலும் இதுதான் பதில். சொல்கிறவர் பொய் சொல்வதில்லை, நிஜமாகவே அதை ஒன்று என்றுதான் நினைக்கிறார். அந்த ஒன்றை இன்று பிரித்துப் பார்க்கப் போகிறோம். குடியைத் திடீரென்று நிறுத்தவே கூடாத சிலரைப் பற்றியும் சொல்லப் போகிறேன். அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், பாதியில் போய்விடாதீர்கள்.

[திரையில்: 180 மில்லி பாட்டில், லேபிள் பெரிதாக]

குவாட்டர் என்றால் 180 மில்லி. பிராந்தி, ரம், விஸ்கி எதுவானாலும் நம் ஊர் லேபிளில் பெரும்பாலும் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அதாவது 180 மில்லியில் சுமார் 77 மில்லி சுத்தமான ஆல்கஹால். ஆல்கஹால் தண்ணீரைவிட எடை குறைவு, ஒரு மில்லி 0.789 கிராம். பெருக்கினால் கிட்டத்தட்ட 61 கிராம் வருகிறது. டாக்டர்கள் கணக்கில் ஒரு டிரிங்க் என்பது 10 கிராம் ஆல்கஹால்.

ஆக, ஒரு குவாட்டரில் இருப்பது ஆறு டிரிங்க்!

இந்தக் கணக்கை முதல் தடவை போட்டபோது நம்ப முடியாமல் மறுபடியும் போட்டுப் பார்த்தேன். 30 மில்லி ஸ்மால் பெக் ஒன்றுதான் ஒரு டிரிங்க். நண்பரோடு பாதியாகப் பிரித்துக்கொள்ளும் கட்டிங், 90 மில்லி, அதுவே மூன்று.

"நான் பீர் மட்டும்தான்" என்பவர்களும் கொஞ்சம் இருங்கள். 650 மில்லி பாட்டில், 5 சதவீதம் என்றால் இரண்டரை டிரிங்க். ஸ்ட்ராங் பீர் வாங்கி, லேபிளில் 8 சதவீதம் என்று இருந்தால் 41 கிராம், அதாவது நான்கு டிரிங்க். இரண்டு ஸ்ட்ராங் பீர் குடித்தவர் குவாட்டர் குடித்தவரைத் தாண்டிப் போய்விட்டார். பீரில் ஒன்றும் இல்லை என்று இவ்வளவு நாள் சொல்லிக்கொண்டிருந்த நண்பருக்கு இந்த வீடியோவை அனுப்புங்கள்.

இங்கேதான் எனக்கு ஆதங்கம். எவ்வளவு குடிக்கிறோம் என்பதை நாம் முடிவு செய்வதில்லை, பாட்டில் முடிவு செய்கிறது. பாதி குடித்துவிட்டு மீதியை பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவரைப் பார்த்திருக்கிறீர்களா? திறந்தால் முடித்துவிட வேண்டும் என்பதுதான் பழக்கம். அவசரமாக, நின்றுகொண்டே, ஒரு மிக்சர் பாக்கெட்டும் தண்ணீர் பாக்கெட்டும் வைத்துக்கொண்டு கால் மணி நேரத்தில் ஆறு டிரிங்க்கும் உள்ளே போய்விடுகிறது.

[திரையில்: இரவு 9 முதல் காலை 6 வரை கடிகாரம்]

அப்புறம் ஈரல் என்ன செய்கிறது? அது ஒரு மணி நேரத்துக்குத் தோராயமாக 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலைத்தான் உடைக்கும். 61 கிராமுக்கு ஆறு மணி நேரம், சிலருக்கு எட்டு மணி நேரத்துக்கும் மேல். இரவு பத்து மணிக்குக் குடித்து முடித்தவருக்கு விடியற்காலை நான்கு, ஐந்து, ஆறு வரை ரத்தத்தில் அது ஓடிக்கொண்டிருக்கும். மோர், எலுமிச்சைச் சாறு, நீராகாரம், தலைக்குக் குளியல் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. தாகம் தணியும், அவ்வளவுதான். மோட்டார் வாகனச் சட்டத்தில் வண்டி ஓட்டுகிறவருக்கு வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். முந்தின ராத்திரி குடித்துவிட்டுக் காலை ஐந்து மணிக்கு லோடு வண்டியை எடுக்கிற டிரைவர் அண்ணன்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

"குடிச்சாத்தான் தூக்கம் வருது" என்பதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. முதல் பாதி இரவு அடித்துப் போட்டது மாதிரி தூங்குவீர்கள். ஆல்கஹால் இறங்க இறங்க, பின்பாதியில் தூக்கம் உடைந்து உடைந்து போகும். மூன்று மணிக்கு நாக்கு வறண்டு விழிப்பது அதனால்தான்.

ஈரல், புற்றுநோய், ரத்த அழுத்தம் எல்லாம் நீங்கள் கேட்டதுதான். உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில், பாதுகாப்பான அளவு என்று எதையும் சொல்ல முடியாது என்று அறிவித்தது. அதை இங்கே நீட்டப் போவதில்லை.

சரி, எப்படிக் குறைப்பது? அதற்கு முன் ஒரு கேள்வி. காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா, வியர்க்கிறதா, கொஞ்சம் ஊற்றிக்கொண்டால் நடுக்கம் நிற்கிறதா? ஆமாம் என்றால் அடுத்து நான் சொல்கிற குறைக்கும் வழி உங்களுக்கு இல்லை. நேராக டாக்டரிடம் போக வேண்டும். வருஷக்கணக்கில் தினமும் குடித்த மூளை, ஆல்கஹால் அமுக்கி வைப்பதைச் சமாளிக்கத் தன்னை எப்போதும் முறுக்கேற்றியே வைத்திருக்கும். ஒரே நாளில் நிறுத்தினால் அமுக்கிய கை எடுபடுகிறது, முறுக்கு அப்படியே நிற்கிறது. முதல் நாளிலேயே நடுக்கம், படபடப்பு. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்றாம் நாளில் சிலருக்கு ஆள் அடையாளம் தெரியாமல், இல்லாத பூச்சியும் பாம்பும் கண்ணுக்குத் தெரியும். சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகும். வீட்டில் அதைப் பார்த்து "பேய் பிடிச்சிருச்சு" என்று வேப்பிலை அடிக்கக் கூட்டிப் போகிறார்கள். தயவுசெய்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

2020 மார்ச் ஊரடங்கில் கடைகள் ஒரே நாளில் மூடியபோது இது வெளிப்படையாகத் தெரிந்தது. கேரள அரசு டாக்டர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று உத்தரவே போட்டது. டாக்டர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், ஏப்ரல் 2ஆம் தேதி உயர் நீதிமன்றம் தடை விதித்தது. டாக்டர்கள் சொன்னது சரி என்பேன். இந்த நடுக்கத்துக்கு மருந்து இருக்கிறது. சில நாள் கண்காணிப்பில் வைத்து, மூளையைச் சாந்தப்படுத்தும் மாத்திரையும் பி1 வைட்டமினும் கொடுத்து இறக்கி விடுவார்கள்.

நம் ஊரில் இது மாலை போடும் சீசனில் நடக்கிறது. தினமும் குடித்தவர் கார்த்திகை முதல் நாள் மாலை போட்டு, அன்றைக்கே நிறுத்துகிறார். கோயிலில் கயிறு கட்டிக்கொள்கிறவர்களும் அப்படித்தான். அந்த வைராக்கியத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரு மண்டலம் குடிக்காமல் இருக்க முடிந்தவருக்கு எதற்கும் திராணி இருக்கிறது. மாலை போடுவதற்கு இரண்டு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்துவிடுங்கள் என்று மட்டும் கேட்கிறேன். மாலையைக் கழற்றிய அன்று பழைய அளவைத் தொடவே தொடாதீர்கள். இடைவெளியில் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கியிருக்கும், அதே குவாட்டர் பல மடங்கு அடிக்கும்.

இதை அம்மாக்களுக்கும் மனைவிமார்களுக்கும் சொல்கிறேன். சாம்பாரில், காபியில் தெரியாமல் கலந்து கொடுக்க ஒரு மாத்திரை இருக்கிறதே, டைசல்ஃபிராம், அதைச் செய்யாதீர்கள். 1940களில் டென்மார்க்கில் யென்ஸ் ஹால்டு, எரிக் யாக்கப்சன் என்ற இருவர் குடல் புழுவுக்கு மருந்தாகுமா என்று பார்க்க, தாங்களே அதை விழுங்கினார்கள். பிறகு மது குடித்தபோது முகம் சிவந்து, படபடத்து, வாந்தி வந்தது. இப்படித்தான் அது குடி மருந்தானது. தெரிந்து, சம்மதித்துச் சாப்பிடுகிறவருக்கு அது வேலி. தெரியாமல் சாப்பிட்டுவிட்டுக் குவாட்டர் அடித்தவருக்கு ரத்த அழுத்தம் படாரென்று இறங்கி உயிரே போகலாம். ஆசையைக் குறைக்கிற நால்ட்ரெக்சோன் போன்ற வேறு மருந்துகளும் இருக்கின்றன. டாக்டரிடம் கேளுங்கள்.

நடுக்கம் இல்லாதவர்களுக்கு வழி எளிது. 30 மில்லி அளவு போட்ட சின்ன கிளாஸ் ஒன்று வாங்குங்கள், அளக்காமல் ஊற்றாதீர்கள். ஒரு வாரம் எதையும் மாற்றாமல், எத்தனை 30 என்று மட்டும் நோட்டில் குறியுங்கள். அடுத்த வாரம் முழுக்க, தினமும் வழக்கத்தைவிட ஒரு 30 குறைவாக வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வாரத்தில் இரண்டு நாள் முழுக்க விடுங்கள். ஆசை வந்தால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். அந்த நேரத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுங்கள். பசியோடு கடைப் பக்கம் போனவன் குறைத்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. சம்பள நாளில் பணத்தை வீட்டில் கொடுத்துவிட்டு, வேறு தெரு வழியாக நடந்து போங்கள்.

[திரையில்: 14416, 14446]

யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ், 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். போதைப் பழக்கத்துக்கென்றே தேசிய உதவி எண் 14446. உங்கள் வாரக் கணக்கு எத்தனை 30 வந்தது என்று கீழே எழுதுங்கள், பெயர் போட வேண்டாம், எண் மட்டும் போதும். குறைந்ததா கூடியதா என்று அடுத்த வாரம் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.