ஓட்டுநர் பேசும் பேருந்து

திருநெல்வேலி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

தென்காசிப் பக்கம் அரசுப் பேருந்து டிப்போ ஒன்றில் 29 வருஷம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். "அயர்லாந்து போய்விட்டு வந்தீர்களாமே, அந்த ஊர்க் கடற்கரையைப் பற்றிப் பேசுங்கள்" என்று நிலையத்தில் கேட்டார்கள். பேசுகிறேன். ஆனால் கடலுக்கு வருவதற்கு முன்னால் பஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்லித்தான் ஆகவேண்டும். தொழில் புத்தி, போகாது.

மகள் டப்ளினில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். 2023 ஜூன் மாதம் நானும் என் வீட்டுக்காரியும் அங்கே போயிருந்தோம். நைட் டியூட்டி முடித்துவிட்டு வந்து அவள் தூங்க வேண்டும். சின்ன வீட்டுக்குள் நாங்கள் இரண்டு பேரும் பூனை மாதிரி நடந்து திரிந்தோம். பிள்ளைக்கு மனசு கேட்கவில்லை. "மோஹர் போய்ட்டு வாங்கப்பா, பஸ்லயே கூட்டிட்டுப் போய் பஸ்லயே விட்டுருவாங்க" என்று டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

மோஹர் என்பது கிளேர் மாவட்டத்தில் அட்லாண்டிக் கடலோரமாக 14 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுவர் வைத்தாற்போல் நிற்கும் பாறை. உயரமான இடத்தில் 214 மீட்டர். டப்ளின் இருப்பது கிழக்குக் கரையில், மோஹர் மேற்குக் கரையில். நாட்டையே குறுக்கே கடந்து போய், அன்றைக்கே திரும்பவும் வேண்டும். போக மட்டும் ஏறத்தாழ 270 கிலோமீட்டர். திரும்புவது வேறு வழி, அது இன்னும் சுற்று. காலை 7:00 மணிக்கு எடுத்தால் இரவு 7:30-க்கு இறக்கிவிடுவார்கள். இதில் பாறைக்கு ஒதுக்கியது 1 மணி 45 நிமிடம். பன்னிரண்டரை மணி நேர டியூட்டியில் ஒன்றே முக்கால் மணி நேரக் காட்சி! என் டிரிப் ஷீட்டில் இப்படி ஒரு கணக்கு வந்திருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன்.

பஸ்ஸில் ஏறியதும் முதலில் தேடியது கண்டக்டரை. இல்லை. கைடு? அவரும் இல்லை. ஓட்டுநர் ஒருவரேதான். ஐம்பது வயசுக்காரர். காதில் மாட்டிய கம்பியிலிருந்து வாய்க்கு முன்னால் ஒரு சின்ன மைக். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கதையும் சொல்லிக்கொண்டு வருகிறார். நம் பஸ்ஸில் 'ஓட்டுநரிடம் பேசாதீர்கள்' என்று எழுதி வைத்திருப்போம். அங்கே அவர்தான் நம்மிடம் பேசுகிறார், நாம் வாயை மூடிக்கொண்டு வருகிறோம். எனக்கு முதல் அரை மணி நேரம் வயிற்றைக் கலக்கியது. பிறகு கவனித்தேன். ரவுண்டானா வந்தால், லாரி குறுக்கிட்டால், கதை பாதி வாக்கியத்தில் நிற்கும். சாலை நேரானதும் விட்ட சொல்லிலிருந்து தொடரும். நல்ல ஓட்டுநர்.

அவருடைய டேஷ்போர்டில் டேக்கோகிராஃப் என்று ஒரு பெட்டி. ஓட்டுநர் தன் கார்டை அதில் செருகினால்தான் டியூட்டி தொடங்கியதாகக் கணக்கு. எத்தனை மணிக்கு உருட்டினார், எத்தனை மணிக்கு நிறுத்தினார், எல்லாம் அதில் பதிந்துவிடும். ஐரோப்பியச் சட்டப்படி நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுத்தே தீர வேண்டும். ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 வரை போகலாம். எங்கள் காலத்தில் அதெல்லாம் டைம் கீப்பரின் நோட்டும் மனசாட்சியும் பார்த்துக்கொண்ட வேலை. இங்கே பெட்டி பார்க்கிறது. நான் மடியில் ஒரு காகிதத்தை வைத்துக் கூட்டிப் பார்த்தேன். அன்றைய ஓட்டம் மொத்தம் 8 மணி நேரத்துக்குள் அடங்குகிறது. போக்குவரத்து நெரிசலுக்கு ஒரு மணி நேரம் கையிருப்பு. யார் போட்ட ஷெட்யூலோ, கையெடுத்துக் கும்பிடலாம். "ஊரைப் பாக்க வந்தீங்களா, கணக்கு எழுத வந்தீங்களா?" என்றாள் வீட்டுக்காரி.

முதல் நிறுத்தம் எங்கே என்று நினைக்கிறீர்கள்? ஒபாமா பிளாசா! நிஜமாகவே பெயர் அதுதான். மனிகால் என்ற குட்டி ஊருக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையோரம் 2014-ல் திறந்த பெட்ரோல் பங்கும் சாப்பாட்டுக் கடைகளும். ஒபாமாவின் தாய்வழி முன்னோர் ஒருவர், பாட்டனுக்குப் பாட்டன் என்று ஏழெட்டுப் படி ஏறாமலே கிடைத்துவிடுகிறவர், ஃபால்மத் கியர்னி என்று பெயர், 1850-ல் இந்த ஊரிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியவர். 2011 மே மாதம் ஒபாமாவே இங்கு வந்து உள்ளூர் மதுக்கடையில் ஒரு கிளாஸ் குடித்துவிட்டுப் போனார். அந்த ஒரு கிளாஸை வைத்து இவ்வளவு பெரிய கட்டடம். அமெரிக்க ஜனாதிபதி பெயர் போட்ட இடத்தில் நான் கழிப்பறைக்கு வரிசையில் நின்றேன்.

1850 என்ற வருஷத்தை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

லிமரிக் தாண்டியதும் சாலை சுருங்கியது. பெயர்ப் பலகைகள் எல்லாம் இரண்டு மொழியில். மேலே சாய்ந்த எழுத்தில் ஐரிஷ், கீழே பெரிய எழுத்தில் ஆங்கிலம். டப்ளினில் வந்த முதல் வாரம் டவுன் பஸ்களின் நெற்றியில் 'அன் லார்' என்று பார்த்துவிட்டு, அது ஏதோ பெரிய ஊர் போலிருக்கிறது, இத்தனை பஸ் போகிறதே என்று நினைத்திருந்தேன். நகர மையம் என்று அர்த்தமாம். நம்ம ஊருக்கு வந்த வெளிநாட்டுக்காரன் 'தடம் எண்' என்பதை ஊர்ப் பெயர் என்று நினைத்த கதைதான்.

லஹின்ச் என்ற ஊரில் முதல் முதலாகக் கடல் தெரிந்தது. அதோடு மேகமும் தெரிந்தது. மோஹர் வண்டி நிறுத்தத்தில் இறங்கும்போது பஸ்ஸின் பின்பக்கம் முன்பக்கத்துக்குத் தெரியவில்லை.

குற்றாலச் சாரல் தெரிந்தவர்களுக்கு அந்தத் தூறலை நான் விளக்க வேண்டியதில்லை. மழை என்று சொல்ல முடியாது, குடை பிடிக்கவும் முடியாது, ஆனால் சட்டை நனைந்துவிடும். காரணமும் ஏறத்தாழ அதேதான். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று குறுக்கே நிற்கும் பாறையில் முட்டி மேலே ஏறுகிறது, ஏற ஏறக் குளிர்கிறது, மேகமாகிப் பாறையின் தலையிலேயே உட்கார்ந்துகொள்கிறது. ஐரிஷ்காரர்கள் இந்த மாதிரி நாளை 'மெத்தென்ற நாள்' என்று செல்லமாகச் சொல்வார்களாம். காற்று மட்டும் மெத்தென்று இல்லை. ஆடிக் காற்றில் அம்மி பறக்கும் என்போம். அங்கே ஆனியிலேயே என் தொப்பி பறந்தது. அட்லாண்டிக்குக்குக் காணிக்கை.

மேலே ஓபிரையன் கோபுரம் என்று ஒன்று. கார்னீலியஸ் ஓபிரையன் என்ற நிலக்கிழார் 1835-ல் கட்டியது. பாறையைத் தவிர இந்த வட்டாரத்தில் எல்லாவற்றையும் கட்டியது அவர்தான் என்று உள்ளூரில் கேலி பேசுவார்கள். அந்தக் கோபுரத்தின் அடியில் நின்று பார்த்தேன். வெள்ளை. கீழே கடல் இரைகிறது, கிட்டிவேக் என்ற கடற்பறவைகள் தங்கள் பெயரையே சொல்லிக் கத்துகின்றன, கண்ணுக்கு ஒன்றுமில்லை. ஒரு வருஷத்தில் 15 லட்சம் பேருக்கு மேல் வந்து பார்க்கிற இடம். எங்களுக்கு வெள்ளைத் துணி.

தூரத்தில் ஒன்றும் தெரியாததால் பக்கத்தில் இருப்பதைப் பார்த்தேன். நடைபாதையின் கடல் பக்கம் ஆளின் நெஞ்சுயரத்துக்குக் கல்பலகைகளை நட்டு வேலி அடைத்திருக்கிறார்கள். லிஸ்கானர் கல் என்று பெயர், இதே பக்கத்துக் கல். ஈரத்தில் கறுத்திருந்த ஒரு பலகையில் விரல் தடிமனுக்கு வளைந்து வளைந்து புடைப்பாகக் கோடுகள். யாரோ உளியால் கிறுக்கியது என்று நினைத்துத் தடவினேன். இல்லையாம். 32 கோடி வருஷத்துக்கு முன்னால் இந்த இடம் பெரிய ஆறு ஒன்று கடலில் கலக்கிற முகத்துவாரம். மணலும் சேறும் மாற்றி மாற்றிப் படிந்துதான் பாறை ஆகியிருக்கிறது. அந்தச் சேற்றில் ஏதோ ஒரு பூச்சியோ புழுவோ இரை தேடி ஊர்ந்த தடம் அப்படியே கல்லாகிவிட்டது. என் ஆள்காட்டி விரல் அந்தத் தடத்திலேயே போனது. ஒரு இடத்தில் தடம் சட்டென்று திரும்பி, தன் கோட்டையே குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. வழி தப்பியிருக்கும், பாவம்.

அப்புறம் ஓட்டுநர் பஸ்ஸில் சொன்னது நினைவுக்கு வந்தது. "மேகம் இருந்தால் எல்லோரும் மேலே ஏறுவார்கள். நீங்கள் தெற்கே கீழே நடங்கள்." கோபுரத்துப் பக்கம்தான் உயரம், தெற்கே போகப் போகப் பாறை தாழ்ந்து, கடைசி முனையில் 120 மீட்டருக்கு வந்துவிடும். வீட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் நடந்தேன். மேகத்தின் அடிவயிறு எங்கள் தலைக்கு மேலே போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் பாறையின் கீழ்ப்பாதி மட்டும் தெரிகிறது! அடுக்கு அடுக்காக, கறுப்பும் பழுப்புமாக, அடுக்கு ஒவ்வொன்றிலும் வெள்ளைப் புள்ளியாகப் பறவைகள். அதற்கு மேலே பாறையைக் கத்தியால் சீவினாற்போல் மேகம். அடியில் அலை மோதி வெண்நுரையாகச் சிதறுகிறது, அந்தச் சத்தம் நம்மிடம் வந்து சேர ஒரு நொடி ஆகிறது. உச்சி தெரியாததால் அது எவ்வளவு உயரம் என்று கண்ணுக்கு முடிவே கிடைக்கவில்லை. வெயில் நாளில் பார்த்தவர்களைவிட எனக்குப் பாறை உயரமாகத் தெரிந்திருக்கும் என்பது என் கட்சி.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பாறை விளிம்பு அரித்துக்கொண்டே இருக்கிறது. உயிரிழப்புகள் நடந்ததால் 2024-ல் அங்கே நடைபாதையின் சில பகுதிகளை மூடிவிட்டார்கள். போகிறவர்கள் அறிவிப்பைப் பார்த்துப் போங்கள். செல்ஃபிக்கு வேலி தாண்டாதீர்கள்.

சாப்பாடு டூலின் என்ற கிராமத்தில். சௌடர் என்று மீன், சிப்பி, பால் சேர்த்த கெட்டி சூப்பும் பழுப்பு ரொட்டியும். மிளகுத்தூள் அரை டப்பா கொட்டியபின் பிரமாதம்.

மத்தியானம் போனது பரன் என்ற வெளி. இதைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. மைல் கணக்கில் மொட்டைச் சுண்ணாம்புப் பாறை. சிமெண்டுத் தளம் போட்டு, அது வெடித்தாற்போல் பாளம் பாளமாக. 1651-ல், அயர்லாந்தைப் பிடிக்க வந்த இங்கிலாந்துக்காரர் குரோம்வெல்லின் படைத்தளபதி லட்லோ இங்கே வந்துவிட்டு, ஒருவனை மூழ்கடிக்கத் தண்ணீர் இல்லை, தூக்கில் போட மரமில்லை, புதைக்க மண்ணும் இல்லை என்று எழுதி வைத்தாராம். போன காரியம் என்ன என்று அதிலேயே தெரிகிறது. ஆனால் இங்கே மாடுகள் கொழுத்திருக்கின்றன என்றும் அவரே சேர்த்து எழுதியிருக்கிறார். பாறை இடுக்குப் புல்லுக்கு அவ்வளவு சத்து. கோடை வெயிலைக் கல் வாங்கி வைத்துக்கொள்வதால் குளிர்காலத்திலும் மேலே வெதுவெதுப்பு. அதனால் மற்ற ஊர்க்காரர்கள் குளிரில் மாட்டை மலையிலிருந்து கீழே இறக்க, இவர்கள் மேலே ஏற்றுகிறார்கள். என் வீட்டுக்காரி மாடு வளர்த்த வீட்டுப் பெண்; மோஹரை மறந்துவிட்டாள், இதை மட்டும் இன்றுவரை எல்லோரிடமும் சொல்கிறாள்.

அந்த வழியில்தான் ஓட்டுநரின் குரல் இறங்கியது. சரிவுகளில் ஏறிப் போகும் கற்சுவர்களைக் காட்டினார். 1845-ல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்து, அதையே நம்பியிருந்த ஜனங்கள் சில வருஷங்களில் பத்து லட்சம் பேர் செத்தார்கள். இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பல் ஏறினார்கள். காலையில் பெட்ரோல் பங்கில் பெயர் பார்த்தோமே, அந்த கியர்னி 1850-ல் போனது இந்தக் கூட்டத்தோடுதான். காலையில் அதைச் சொல்லாமல் வைத்திருந்து மத்தியானம் இந்த இடத்தில் சொன்னார். பஸ்ஸில் ஒருவரும் பேசவில்லை. நான் காகிதத்தில் கணக்கு எழுதுவதை நிறுத்தியிருந்தேன்.

கின்வாராவில் 1520-ல் கட்டிய கோட்டை ஒன்றை ஜன்னல் வழியாகப் பார்த்தோம். கால்வேக்கு வெளியே மோட்டார்வே பிடித்ததும் பாதி பஸ் தூங்கிவிட்டது.

எனக்குப் பின் சீட்டுக்காரர் மட்டும் தூங்கவில்லை. பாறையைப் பார்க்காமல் காசு வீண் என்று வழி முழுக்கப் பொருமிக்கொண்டே வந்தார். டப்ளினில் இறங்கும்போது ஓட்டுநரிடமே கேட்டுவிட்டார், மேகம் என்று தெரிந்தும் ஏன் கூட்டிப் போனீர்கள் என்று. அவர் கோபப்படவில்லை. எனக்குத்தான் காது சுட்டது. சீசன் காலத்தில் குற்றாலத்துக்கு ஸ்பெஷல் விடுவோம். அருவி வறண்டு கிடக்கிற நாளில் ஜனம் திரும்பி வந்து நேரே என் கூண்டுக்கு முன்னால்தான் நிற்கும். "தண்ணி விழலன்னா எதுக்குவே பஸ்ஸு விடுதீரு?" பஸ் விடுகிறவன் அருவிக்கும் வால்வு வைத்திருக்கிறான் என்று நினைப்பு.

அங்கே இறங்குகிற எல்லோரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள், டவுன் பஸ்ஸில்கூட. நான் கடைசியாக இறங்கினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், நானும் பஸ் ஆள்தான் என்றேன். கையைக் குலுக்கினார். நாங்கள் மேலே சுற்றிய நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். தூங்கினாராம். பாறையைக் கடைசியாக எப்போது ஏறிப் பார்த்தீர்கள் என்றேன். அக்கா பிள்ளைகள் வந்தபோது, இரண்டு வருஷம் இருக்கும் என்றார்.

ஐந்தருவிக்கு இத்தனை வருஷம் பஸ் அனுப்பினவன், ஓய்வு பெற்ற மறுவாரம்தான் அதில் தலையைக் கொடுத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஐந்தருவிக்கு இங்கிலீஷ் வரவில்லை. அவர் அதற்குள் பெட்டியிலிருந்து கார்டை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கண்ணாடி துடைக்கிற துணியை எடுத்தார். நாளைக்கும் மோஹர்தானாம், காலை 7:00.