மலைச்செடித் தைலமும் கடற்கரைத் தோள்வலியும்

நேயர்களுக்கு வணக்கம்.

பாம்பன், மண்டபம், தொண்டி என்று நம் கரையோரத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு வலித் தைலப் புட்டி இருக்கும். ஊட்டி போனவர்கள் வாங்கி வந்ததாக இருக்கும், இல்லாவிட்டால் மருந்துக் கடைக் களிம்பாக இருக்கும். வலை இழுத்த தோளுக்கும், கடலில் மரிக்கொழுந்துப் பாசி எடுத்துக் கடுத்துப்போன கைக்கும் ராத்திரி அதுதான் துணை. அந்த வாசனைக்குச் சொந்தமான செடியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

விண்டர்கிரீன் என்பார்கள். தாவரவியலில் கால்தீரியா ஃபிராக்ரான்டிசிமா. எரிகேசி குடும்பம். நீலகிரியில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசும், தொட்டியில் வளர்க்கும் அசேலியாவும் இதன் உறவுகள். நீலகிரி, பழனி மலைகளின் மேற்பகுதியில், சோலைக்காட்டு ஓரங்களில் புதராக நிற்கும். பூக்கள் வெள்ளை, குட்டிக் கலயங்களைக் கவிழ்த்துத் தொங்கவிட்ட மாதிரி கொத்தாக இருக்கும். காய்க்கும்போது பூவின் புல்லிவட்டம் சதைப்பற்றாகிக் கருநீல நிறத்தில் காயை மூடிக்கொள்ளும். பழம் என்று நம் கண்ணுக்குத் தெரிவது அதுதான்.

மருந்து இருப்பது இலையில். இலைக்குள் அந்த வாசனைப் பொருள் சர்க்கரையோடு பிணைந்து கிடக்கிறது. கசக்கினால் இலையிலேயே இருக்கும் நொதி அதைப் பிரித்துவிடும். உடனே வாசனை குப்பென்று கிளம்பும். தைலம் எடுப்பவர்கள் நறுக்கிய இலையை வெந்நீரில் ஊறவைத்துவிட்டு அப்புறம் வடிப்பதும் இதற்காகத்தான். வடித்த தைலத்தில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் மெத்தில் சாலிசிலேட். ஆஸ்பிரினுக்கு நெருங்கிய சொந்தம் அது. வலிக்களிம்புப் பெட்டியில் கந்தபூர தைலம் என்று போட்டிருந்தால் இதுதான். இன்று கடைகளில் வருவதில் பெரும்பகுதி தொழிற்சாலையில் செய்த மெத்தில் சாலிசிலேட். வேதியியல்படி இரண்டும் ஒன்றே. நீலகிரித் தைலம் என்பது வேறு, அது தைல மரத்து இலையிலிருந்து வருவது, சளிக்கு ஆவி பிடிக்கப் போடுவது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள்.

சரி, செடியையே கொண்டுவந்து இங்கே வைக்கலாமா? வராது. இந்தக் குடும்பத்துச் செடிகளுக்குப் புளிப்புத் தன்மையுள்ள மண் வேண்டும். மயிர் போன்ற மெல்லிய வேரும், அதோடு கூட்டுச் சேர்ந்த பூஞ்சையும் அப்படிப்பட்ட மக்கு மண்ணில்தான் உணவு எடுக்கும். நம் மண்ணோ பவளப்பாறையும் சிப்பியும் நொறுங்கிய சுண்ணாம்பு மணல். அதில் இரும்புச்சத்து வேருக்குக் கிடைக்காமல் இலை வெளுத்துப்போகும். நம் மண்ணுக்குப் பனையும் தாழையும் உடை மரமும்தான் சரி.

இனிச் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். சுத்தமான விண்டர்கிரீன் தைலத்தை அப்படியே பூசக்கூடாது, தோல் எரிந்துவிடும். சில சொட்டுகளைத் தேங்காய் எண்ணெயில் கலந்து தேய்க்க வேண்டும். பாசி எடுக்கும் அக்கா தங்கச்சிமாருக்குத் தனியாகச் சொல்கிறேன். விரலில் துணி சுற்றிக்கொண்டு போனாலும் பாறை கிழித்துவிடுகிறது. அந்தக் கிழிந்த இடத்தில் இதைப் போடவே போடாதீர்கள். காயம் ஆறட்டும். தைலம் தேய்த்த இடத்தில் வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். சூட்டில் மருந்து அளவுக்கு மீறி உடம்புக்குள் இறங்கும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் குழந்தைகளை நினைத்துத்தான். இதன் வாசனை மிட்டாய் மாதிரி இனிக்கும். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, சுத்தமான தைலம் உள்ளே போனால் சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். 325 மில்லிகிராம் மாத்திரை இருபதுக்கும் மேல்! சின்னப் பிள்ளையின் உயிரைப் பறிக்க அது போதும். புட்டியைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், மூடி இறுக்கி வையுங்கள். குழந்தை குடித்துவிட்டது என்று சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி வரட்டும், மூச்சு வாங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். விரலைவிட்டு வாந்தி எடுக்கவும் வைக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். புட்டியையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள், எவ்வளவு குறைந்திருக்கிறது என்று மருத்துவர் பார்க்க வேண்டியிருக்கும்.

வணக்கம்.