ஒரு கரண்டி சோற்றில் எத்தனை பக்கெட் தண்ணீர்? வேலூர் ஹாஸ்டல் கணக்கு

(காட்சி: பாலாற்றுப் பாலம், கீழே கண்ணுக்கெட்டும் வரை மணல்)

ஒரு கரண்டி சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டுக் கைகழுவப் போகிறீர்கள். எத்தனை பக்கெட் தண்ணீர் போச்சு? கைகழுவுகிற தண்ணீரைக் கேட்கவில்லை, அந்தச் சோற்றுக்குள் இருக்கிற தண்ணீரைக் கேட்கிறேன். உங்கள் யூகத்தை இப்போதே கமெண்டில் போட்டுவிடுங்கள். வீடியோவைத் தள்ளிப் பார்த்துவிட்டு வந்து சரியான விடை எழுதினால் எனக்குத் தெரியாதுதான், ஆனால் பக்கத்தில் இருக்கிற ரூம்மேட்டுக்குத் தெரியும்.

வணக்கம் மக்களே. வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு, இங்கே படிக்க வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் வாரத்திலேயே யாராவது ஒரு சீனியர் சொல்லிவிடுவார்: தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், மரம் இல்லாத மலை. இதில் சாமி கணக்கு 1981-லேயே தீர்ந்துவிட்டது, சத்துவாச்சாரியில் இருந்த ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். ராஜா இனி வரப்போவதில்லை, வந்தாலும் கிரீன் சர்க்கிளில் டிராஃபிக்கில் நிற்பார். பாக்கி இருப்பது ஆறும் மலையும்.

மலைக்கு எல்லாக் கல்லூரிகளும் ஒரே மருந்துதான் வைத்திருக்கின்றன, ஜூன் 5-ஆம் தேதி, உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று, மரக்கன்று. பத்துப் பேர் ஒரு கன்றைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுப்பார்கள். நம் ஊர் அக்னி நட்சத்திரம் போனபிறகும் அடிக்கிற வெயிலில், அதற்கு அடுத்த வாரம் தண்ணீர் ஊற்றப் போகிறவர் ஒரே ஒருவர், தோட்டக்கார அண்ணன். எந்த போட்டோவிலும் அவர் இருக்கமாட்டார். சரி, இதற்கு மேல் பேசினால் என்எஸ்எஸ் நண்பர்கள் அன்சப்ஸ்கிரைப் செய்துவிடுவார்கள், ஆற்றுக்கு வருவோம்.

பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரா வழியாக நம்மிடம் வருகிறது. 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடியபோது பாலத்தில் நிற்க இடமில்லை. மற்றபடி மணல்தான்.

இப்போது மெஸ்ஸுக்குப் போவோம், எனக்குப் பிடித்த இடம்.

(காட்சி: தட்டுக் கழுவும் இடம், பக்கத்தில் நீல டிரம்)

ஒரு கிலோ அரிசி விளைய உலக சராசரியாகச் சுமார் 2,500 லிட்டர் தண்ணீர் வேண்டும். வயலில் விழுகிற மழையும் இதில் சேர்த்திதான், முழுக்க மோட்டார் போட்டு இறைத்த தண்ணீர் என்று நினைக்க வேண்டாம். அரிசி வெந்தால் ஏறக்குறைய இரண்டரை மடங்கு எடை ஏறும். ஒரு கரண்டி சோற்றை 100 கிராம் என்று வைத்துக்கொண்டால், அதில் இருக்கிற அரிசி 40 கிராம். 40 கிராமுக்குத் தண்ணீர்? 100 லிட்டர். குளிக்கிற பக்கெட் 20 லிட்டர் பிடிக்கும் என்றால் ஐந்து பக்கெட்!

இந்தக் கணக்கைப் போட்ட அன்று எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஏனென்றால் ஹாஸ்டல் குளியலறைக் குழாய்க்கு மேலே "தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும்" என்று ஒட்டியிருப்பார்கள், நாமும் பயந்துபோய் ஒரே பக்கெட்டில் அரைகுறையாகக் குளித்துவிட்டு, சிலர் அதுவும் இல்லாமல் சென்ட் அடித்துக்கொண்டு, நேராக மெஸ்ஸுக்குப் போய் ஐந்து பக்கெட்டை டிரம்மில் கொட்டிவிட்டு வகுப்புக்குப் போகிறோம். சோற்றை மிச்சம் வைக்காதவன் நிம்மதியாகக் குளிக்கலாம் என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்.

இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்ப்போம். ஆயிரம் பேர் இருக்கிற ஹாஸ்டல், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு கரண்டி. 100 கிலோ சோறு, ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் எட்டு லாரிக்கு மேல், தினமும். மழைநீரில் சொல்லவா? 1,000 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 10 சென்டிமீட்டர் பேய்மழை கொட்டினால் கிடைக்கிற தண்ணீர் அது. மாடியில் குழாய் வைத்து ஒரு பெருமழையில் சேர்த்ததை மதியச் சாப்பாட்டோடு முடித்துவிடுகிறோம்.

அந்த 100 கிலோவுக்கு இன்னொரு விசேஷமும் இருக்கிறது. 2016-இல் வந்த திடக்கழிவு விதிகளில், தினம் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை போடுகிற இடம் என்றால் பெரிய குப்பை உற்பத்தியாளர் கணக்கு, மக்குகிற குப்பையைக் கூடியவரை தன் வளாகத்திலேயே சரிசெய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு கரண்டியிலேயே அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டோம், பாருங்கள்.

சரி, டிரம் எங்கே போகிறது? பல இடங்களில் பன்றி வளர்ப்பவர்கள் எடுத்துப் போகிறார்கள், அது நல்லதே. குப்பைமேட்டுக்குப் போனால்தான் வம்பு, காற்றுப் புகாமல் அழுகி மீத்தேன் கிளம்பும். நூறு ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 28 மடங்கு பூமியைச் சூடேற்றுகிற வாயு, ஏற்கனவே வெந்துகொண்டிருக்கிற ஊரில் இது தேவையா? அதே மீத்தேனை மூடிய தொட்டியில் பிடித்தால் அடுப்பு எரியும், அதுதான் சாண எரிவாயு. முதலில் சாணம் கரைத்து ஊற்றி நுண்ணுயிரிகளைக் குடியேற்ற வேண்டும், அப்புறம் தினமும் மிச்சச் சாப்பாடு. எலும்பு, முட்டை ஓடு கூடாது, எலுமிச்சைத் தோல் போன்ற புளிப்பு அதிகமானால் வாயு குறைந்துவிடும். செவ்வாய்க்கிழமை யாரும் தொடாத உப்புமா, சில வாரம் கழித்து இன்னொரு உப்புமாவைக் கிண்டுகிற தீயாக வரும். மறுபிறவி என்றால் இதுதான், ஆனால் அது ஏன் மறுபடியும் உப்புமாவாகவே பிறக்க வேண்டும் என்பது என் வருத்தம்.



மிச்சம் வைத்தால் அபராதம் போடலாமே என்று நிறையப் பேர் கேட்பார்கள். மாசுபடுத்தியவரே பணம் கட்ட வேண்டும் என்ற கொள்கையை 1996-இல் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது நம் பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடும் ஷாப்புகள் வழக்கில்தான், வழக்கின் பெயரிலேயே வேலூர் இருக்கிறது. ஆனால் மெஸ்ஸில் அது வேலைக்காகாது என்பது என் கருத்து, பையன்கள் சோற்றை டிஷ்யூவில் சுற்றி ஜன்னல் வழியாக வீசுவார்கள். அதைவிடச் சின்னக் கரண்டி வைக்கலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் வந்து வாங்கட்டும். இப்போது நாம் "அண்ணா பாதி" என்றாலும், வடக்கிலிருந்து வந்த பையன் "தோடா, தோடா" (கொஞ்சம், கொஞ்சம்) என்று கெஞ்சினாலும், பரிமாறுகிறவர் வளர்கிற பிள்ளை என்று முழுக் கரண்டியைக் கவிழ்த்துவிடுகிறார். அந்தப் பாசத்தின் விலை ஐந்து பக்கெட்.

உங்கள் மெஸ் டிரம் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் எங்கே போகிறது என்று இன்றைக்கே விசாரித்து எழுதுங்கள். கல்லூரிப் பெயர் வேண்டாம், டிரம்மின் கதை மட்டும் போதும்.